மழையில் நின்ற அம்பாசடர்

கோயம்புத்தூர்,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள கண்ணு,

காலையில் நீ போனில் சொன்னதையெல்லாம் உன் பெரியம்மாவிடமும் சொன்னேன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்பதைவிட, உங்கப்பா கண் கட்டோடு எழுந்து வந்து பானட்டைத் திறக்கப் பார்த்தார் என்றாயே, அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் கவலை. ஆபரேஷன் ஆன கண்ணை வைத்துக்கொண்டு அவர் குனியவே கூடாது. இந்த முறை அவர் கை செய்கிற வேலையை உன் கை செய்யட்டும். போனில் பாதி சொல்வேன், பாதி விட்டுப்போகும். எழுதி அனுப்பினால் வண்டிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பார்க்கலாம் அல்லவா?

அந்த வொர்க்‌ஷாப்காரர் வண்டியைக் கண்ணால் பார்க்காமலேயே "என்ஜினைப் பிரிக்கணும்" என்றாராமே, அதற்குத் தலையாட்டிவிடாதே. நம்முடையது மார்க் 2. உன் தாத்தா பெயர் பதிந்து, காத்திருந்து வாங்கிய வண்டி. இங்கிலாந்தில் ஓடிய மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் அச்சுகளை வாங்கி வந்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. இங்கிலாந்து மழைக்குப் பிறந்து வங்காளத்து மழையில் வளர்ந்த வண்டி இது. ஒரு ராத்திரி மழைக்கு அதன் என்ஜின் கெட்டுப்போய்விடாது. நனைந்ததால் நிற்கிற பழைய வண்டிகளில் பெரும்பாலானவை ஒரு காய்ந்த துணியிலேயே கிளம்பிவிடும். ஆனால் அந்தத் துணியை எடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொண்டாக வேண்டும். அதுவரை சாவியைத் தொடாதே.

வண்டி மேலிருந்து நனைந்ததா, கீழிருந்து நனைந்ததா? மடிப்பாக்கத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் ஏறும் என்று எனக்குத் தெரியும். காம்பவுண்டுச் சுவரிலும் டயரிலும் சேற்றுக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று பார். கதவைத் திறந்து தரைவிரிப்பைத் தூக்கிப் பார். அடியில் சணல் விரிப்பு ஊறியிருந்தால் தண்ணீர் கதவு விளிம்பைத் தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். (கதவு ரப்பர் வழியாக மழையும் வரும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவுசெய்யாதே.) பிறகு ஆயில் குச்சியை உருவிப் பார். சுத்தமான ஆயில் சரியான கோட்டில் நின்றால் நிம்மதி. மட்டம் வழக்கத்தைவிட மேலே ஏறியிருந்தாலோ, ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கடைசியாக ஏர் கிளீனரைத் திற. அதில் தண்ணீர் நின்ற அடையாளம் இருந்தால் சிலிண்டருக்குள்ளும் போயிருக்கலாம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது காற்று அமுங்கிக் கொடுக்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் அந்த வொர்க்‌ஷாப்காரர் சொன்னது உண்மையாகிவிடும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த வெள்ளம் வடிந்த பிறகு "பார்க்கலாமே" என்று சாவியைத் திருப்பி என்ஜினை இழந்தவர்கள் உங்கள் ஊரில் உண்டு. தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறியிருந்தால் நீ ஒன்றும் செய்ய வேண்டாம். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு எனக்குப் போன் பண்ணு. நாலு பிளக்கையும் கழற்றி, ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றுகிற வேலை அது. நானே பஸ் ஏறி வருகிறேன்.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் அப்படி இருக்காது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, தீ மட்டும் பிடிக்கவில்லை என்றாய். தண்ணீர் சக்கரத்தில் பாதிகூட ஏறவில்லை என்று உங்கள் வாட்ச்மேனும் சொல்கிறார். அப்படியானால் இது மழை ஈரம். என்ஜினில் கோளாறில்லை. தீப்பொறி வழியில் எங்கேயோ கசிந்துபோகிறது.

அந்த வழியை ஒரு தடவை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொள். பேட்டரியிலிருந்து வருவது 12 வோல்ட். காயில் அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக்கித் தடித்த கறுப்பு ஒயரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு அனுப்புகிறது. உள்ளே சுற்றுகிற ரோட்டார் அதை வாங்கி நாலு முனைகளுக்கும் முறைவைத்துக் கொடுக்க, அங்கிருந்து நாலு ஒயர் நாலு பிளக்குக்குப் போகின்றன. பேட்டரி, விளக்கு, ஹாரன் எல்லாம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும், ஏனென்றால் 12 வோல்ட்டுக்கு வழி மாறிப் போகிற வேகம் கிடையாது. பல்லாயிரம் வோல்ட் அப்படியல்ல. பிளக்கின் இடுக்கைத் தாண்டிக் குதிப்பதைவிட, ஈர மூடியின் மேலே ஊர்ந்து என்ஜினில் இறங்குவது அதற்குச் சுலபம். சுலபமான வழியைத்தான் அது எடுக்கும்.

இங்கேதான் நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. சுத்தமான மூடியின் மேல் விழுந்த மழைத்துளி அவ்வளவு கெடுதல் செய்யாது. பல மாதத் தூசியும் ஆயில் பிசுக்கும் படிந்த மூடியில் ஈரம் சேரும்போதுதான் மின்சாரத்துக்குப் பாதை கிடைக்கிறது. வெடிப்பு விட்ட ஒயர், மயிரிழை விரிசல் கண்ட மூடி, துரு ஏறிய எர்த் பட்டை, இவையெல்லாம் வெயில் காலத்தில் வாய் திறக்காமல் இருந்துவிடும், மழை வந்தால் பேசும். வண்டி நின்றது மழையால் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏற்கெனவே நைந்துபோன ஒன்றை மழை காட்டிக்கொடுத்திருக்கிறது. உலர்த்தி ஓட்டிவிட்டு அதை மறந்தால் அடுத்த மழைக்கு இதே இடத்தில் நிற்கும். எது நைந்தது என்று இந்தத் தடவை கண்டுபிடித்துவிடு.

ஒரு விதத்தில் நம் வண்டிக்கு அதிர்ஷ்டம். 1959-இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து வந்த மினி காரில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்கிரில்லுக்கு நேர் பின்னால் இருக்கும். முதலில் செய்து பார்த்த வண்டிகளில் கார்பரேட்டர்தான் முன்பக்கம் இருந்ததாம். அது குளிரில் உறைந்துபோனதால் என்ஜினையே திருப்பி வைத்தார்கள். கார்பரேட்டர் பிழைத்தது, டிஸ்ட்ரிபியூட்டர் மழைக்கு நேராக வந்து நின்றது. இங்கிலாந்தில் மினி வைத்திருந்தவர்கள் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு ஒயரை விட்டு, மூடிக்கு உறை போட்டு ஓட்டினார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை. நம் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் ரேடியேட்டருக்குப் பின்னால், டிரைவர் பக்கம், பிளக்குகளை ஒட்டி இருக்கிறது. நேர் மழை அதில் படாது. பானட் இடுக்கில் ஒழுகுகிற தண்ணீரும், தேங்கிய நீரில் ஓடும்போது ஃபேன் வாரி அடிக்கிற சாரலும்தான் அதை நனைக்கும். ராத்திரி முழுக்க உள்ளே நிற்கிற ஈரக்காற்றையும் சேர்த்துக்கொள். மூடியின் உட்பக்கம் வியர்த்திருக்கும். வெளியே துடைத்துவிட்டு "துடைத்தேனே, ஏன் எடுக்கவில்லை" என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

உங்கப்பாவும் நானும் ஒரு ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறினோம். பர்லியாறு தாண்டியதும் வண்டி இருமி இருமி நின்றது. எங்களுக்கு வயசும் இல்லை, விவரமும் இல்லை. மங்குஸ்தான் விற்கிற கடை வாசலில் வண்டியை நிறுத்தியிருந்த ஊட்டி டாக்ஸி டிரைவர் ஒருவர், கேட்காமலேயே வந்து பானட்டைத் தூக்கினார். இரண்டு கிளிப்பைத் தட்டி மூடியைக் கழற்றினார், வேட்டி முந்தியால் உள்ளும் புறமும் துடைத்தார், மாட்டினார். ஒரே திருப்பில் வண்டி பிடித்துக்கொண்டது. காசு நீட்டியதற்கு வாங்கவில்லை. "மூடியை மாத்திடுங்க தம்பி, கீறல் விட்டிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உங்கப்பா வண்டி வேலை கற்றுக்கொள்ள ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

சரி, வேலைக்கு வருவோம். ஈரமான தரையில் செருப்பில்லாமல் நிற்காதே. சாவி ஆஃபில் இருக்கட்டும். முதலில் பேட்டரி முனைகளைப் பார். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் முனைகளைக் கழற்றி வெந்நீர் விட்டுத் தேய்த்து, உலர்த்தி, இறுக்கி மாட்டு. நேற்றிலிருந்து நீங்கள் செல்ஃப் அடித்த அடியில் பேட்டரி இறங்கியிருக்கும். சார்ஜ் போட வசதியிருந்தால் போட்டுவிடு. பேட்டரி சோர்ந்திருந்தால் செல்ஃப் சுற்றும்போது காயிலுக்குப் போதுமான கரண்ட் கிடைக்காது. ஈரத்தோடு அதுவும் சேர்ந்தால் நீ எவ்வளவு துடைத்தாலும் பலன் தெரியாது.

அடுத்து, ஒயர்களைத் தொடுவதற்கு முன் போனில் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் பிளக். தீப்பிடிக்கிற வரிசை 1-3-4-2, மூடியில் அந்த வரிசை கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் போகும். ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் இந்த வரிசைதான் உன்னைக் காப்பாற்றும். பிடுங்காமலே வேலை செய்தால் இன்னும் நல்லது. இரண்டு கிளிப்பையும் நெம்பி மூடியை ஒயர்களோடேயே தூக்கு. உட்பக்கத்தைப் பஞ்சு உதிராத பருத்தித் துணியால் துடை. பழைய வேட்டித் துணி இருந்தால் அதைவிடச் சிறந்தது கிடையாது. நடுவில் ஸ்பிரிங் மேல் ஒரு சின்னக் கரிமுனை இருக்கும், அது உள்ளே அமுங்கித் திரும்ப வருகிறதா என்று விரலால் பார். நாலு உலோக முனைகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஏதாவது ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார். இருந்தால் அதுதான் திருடன். கரண்ட் ஓடி ஓடிக் கரியான தடம் அது, துடைத்தாலும் போகாது, மூடியை மாற்றியாக வேண்டும்.

ரோட்டாரை மேலே இழுத்தால் வந்துவிடும். அதையும் துடை. அடியில் பாயின்ட் தெரியும். ஒரு காய்ந்த தாள்துண்டை இரண்டு முனைகளுக்கு நடுவில் விட்டு மெதுவாக உருவு. தாளில் கறுப்பு வராத வரை இப்படிச் செய். குழி விழுந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. முழுக்கத் திறந்திருக்கும்போது இடைவெளி 15 தவு, அதாவது 0.38 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்க வேண்டும். உங்கப்பாவின் பெட்டியில் ஃபீலர் கேஜ் இருக்கிறது. காயிலின் வாயையும், நாலு ஒயரின் முழு நீளத்தையும், பிளக்குகளின் வெள்ளைப் பீங்கானையும் துடை. ஹேர் டிரையர் இருந்தால் மிதமான சூட்டில் மூடிக்குக் காட்டு. யார் சொன்னாலும் தீக்குச்சி, மெழுகுவத்தி எதையும் பானட்டுக்குள் கொண்டுபோகாதே. கடையில் டபிள்யூ.டி. 40 வாங்கினால் மூடியில் லேசாகத் தெளித்து ஈரத்தை விரட்டலாம். 1953-இல் ராக்கெட் உடம்பைத் துருவிலிருந்து காக்கவென்று செய்த எண்ணெய் அது. ஆனால் தெளித்தபின் அதையும் முழுக்கத் துடைத்து, ஆவி அடங்கக் கொஞ்ச நேரம் விட்டுத்தான் மூடியை மாட்ட வேண்டும். எரியக்கூடிய பொருள், உள்ளே பாயின்ட் பொறி விடுகிற இடம்.

இப்போது சாவி போடலாம். சோக்கைப் பாதி இழு. செல்ஃபை ஐந்து விநாடிக்கு மேல் அடிக்காதே, அடித்த பிறகு அரை நிமிடம் விடு. ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து எடுக்க வேண்டாம். சில கார்பரேட்டர்களில் அப்படி மிதித்தால் பெட்ரோலைப் பீச்சுகிற பம்ப் உண்டு, நம் எஸ்.யூ.வில் கிடையாது. பெட்ரோல் நெடி பலமாக வந்தால் பிளக்குகள் நனைந்துவிட்டன என்று அர்த்தம். சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை அடிவரை ஒரே மிதியாக மிதித்தபடி செல்ஃப் அடி. அதற்கும் பிடிக்காவிட்டால் பிளக்குகளைக் கழற்றி வெயிலில் காயவை.

அதன் பிறகும் எடுக்கவில்லையென்றால், கரண்ட் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நெடி முழுக்க அடங்கிய பிறகு, மூடியின் நடு ஒயரை மட்டும் பிடுங்கு. காய்ந்த மரக்கிளிப்பால் பிடித்து, அதன் உலோக முனையை என்ஜின் இரும்புக்கு ஒரு பென்சில் பருமன் தள்ளி வை. உன் தம்பியைச் செல்ஃப் அடிக்கச் சொல். நீலமாக, சொடுக்குகிற சத்தத்தோடு பொறி பறந்தால் காயில்வரை எல்லாம் நலம், கோளாறு மூடியிலோ ரோட்டாரிலோ ஒயரிலோதான். பொறியே இல்லாவிட்டால் பாயின்ட், கன்டென்சர், காயில் என்று பின்னோக்கிப் போக வேண்டும். மஞ்சளாகச் சோகையாக வந்தால் முதலில் கன்டென்சரைச் சந்தேகப்படு. இதைச் செய்யும்போது உங்கப்பாவைக் கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு உட்காரவை. அந்த வண்டியின் ஒவ்வொரு சத்தமும் அவருக்கு அத்துப்படி. நீ பார்த்ததைச் சொல், அவர் கேட்டதைச் சொல்லட்டும். சும்மா படுத்திருக்கிறோமே என்ற ஆற்றாமையும் அவருக்குத் தீரும்.

வண்டி எடுத்துவிட்டால் உடனே அணைக்காதே. நன்றாகச் சூடேறும்வரை ஓடட்டும், மிச்ச ஈரம் அந்தச் சூட்டிலேயே போய்விடும். தெருவில் இறக்கும்போது பிரேக் ஞாபகம் இருக்கட்டும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், நனைந்தால் பிடிக்காது. ஆள் இல்லாத இடத்தில் மெதுவாக உருட்டிக்கொண்டே லேசாக மிதித்து மிதித்துக் காயவை. ஈரத்தோடு ஹேண்ட்பிரேக்கை இழுத்து நாள்கணக்கில் நிறுத்திவிடாதே, ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் வை, போதும். தரைவிரிப்பையும் சணலையும் வெளியே எடுத்து மொட்டைமாடியில் போடு. அம்பாசடரின் தரைத் தகடு துருப்பிடிப்பது மேலிருந்து பெய்கிற மழையைவிட, அந்தச் சணலில் ஊறி நிற்கிற ஈரத்தால்தான் அதிகம்.

பிறகு ஒரு ராத்திரி, இருட்டில், என்ஜின் ஓடும்போது பானட்டைத் திறந்து பார். சேலை முந்தானை, துப்பட்டா, கூந்தல் எதுவும் ஃபேன் பக்கம் போகாமல் தள்ளி நின்றே பார். ஒயர்களிலும் மூடியிலும் எங்கெங்கே நீலமாகப் பொறி ஊர்கிறதோ, அங்கெல்லாம் கசிவு. ஒன்றும் தெரியாவிட்டால் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற குப்பியால் மெல்லிய சாரல் விட்டுப் பார். எந்த இடத்தை மாற்ற வேண்டுமென்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

ஒயர் செட்டும் ரோட்டாரும் இங்கே நான் வாங்கித் திங்கட்கிழமை பார்சலில் போடுகிறேன். மூடியை மட்டும் நீயே புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்கு. லூகாஸ் டி.வி.எஸ். மூடியாகக் கேள். உங்கள் பாடியிலேயே 1961-இல் தொடங்கிய கம்பெனி, நம் வண்டியின் மின்சாமான்கள் அவர்களுடையவை. மலிவு மூடிகளில் அந்தக் கரிமுனை சரியாக உட்காராது. டிஸ்ட்ரிபியூட்டரையே தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் போடச் சொல்பவர்களும் வருவார்கள். அது கெட்ட யோசனை என்று சொல்லமாட்டேன், ஆனால் மூடியும் ரோட்டாரும் ஒயரும் அதிலும் இதேதான், ஈரம் அங்கேயும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஆயில் குச்சியைப் பார்த்ததும், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னாலேயே எனக்குப் போன் செய். அத்தனை பேருக்கும் எங்கள் அன்பு. அப்பாவுக்குச் சொட்டு மருந்து நேரம் தவறாமல் விடு.

அன்புடன்,
பெரியப்பா

பி.கு.: பெட்ரோல் பக்கத்தைச் சொல்ல விட்டுப்போயிற்று. பொறி நன்றாக வந்தும் எடுக்காவிட்டால் கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்து மூடியை, மூன்று திருகு, கழற்றிப் பார். அடியில் தண்ணீர் தனியாக உருண்டு நின்றால் டாங்க் மூடி வழியாக மழை இறங்கியிருக்கிறது. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பழைய ரப்பர் குழாய்களுக்கும் ஆகாது. டாங்க் மூடி வாஷரையும் பெட்ரோல் குழாய்களையும் அதே நடையில் வாங்கிவிடு.